இல்லறத்தில் கடமை எது, உபகாரம் எது?

கணவன் மனைவி பிணக்கைத் தீர்த்து வைக்க மஹல்லா ஜமாஅத்தில் உட்காரும் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். இரு தரப்பையும் தனித்தனியே அழைத்துக் கேட்டால், பல நேரங்களில் இருவரும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். "இந்தக் குடும்பத்துக்காக நான் எவ்வளவோ செய்தேன். எனக்கு யார் என்ன செய்தார்கள்?" கணவரும் இதைச் சொல்வார், மனைவியும் இதைச் சொல்வார். அல்லாஹ்வின் மீது ஆணையிட்டும் சொல்வார்கள். இதில் ஆச்சரியம், இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான்.

அடி உதை, குடி, துரோகம், செலவுக்கே தராமல் கைவிடுவது இவையெல்லாம் அப்பட்டமான அநீதி. அவற்றுக்குத் தீர்வு வேறு. நாம் இங்கே பேசப்போவது அப்படி எதுவும் இல்லாத வீடுகளைப் பற்றி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நல்ல குடும்பம். தொழுகை இருக்கிறது, பிள்ளைகள் மதரஸாவுக்குப் போகிறார்கள், குறை என்று எதுவும் கண்ணில் படாது. ஆனால் ஒருவர் மனதில் மட்டும், தான் ஏமாற்றப்படுகிறோம் என்ற எண்ணம் வருடக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். ஒருநாள் சாப்பாட்டில் உப்புக் கூடியதிலோ, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செய்வது என்பதிலோ அது வெடிக்கும். பார்ப்பவர்கள் "இதற்கா சண்டை?" என்பார்கள். சண்டை இதற்கு அல்ல என்பது அந்த இருவருக்கும் தெரியும்.

இந்த எண்ணம் எப்படி உருவாகிறது, அது மணவாழ்க்கையின் நிறைவை எப்படி அரிக்கிறது என்று மனவியல் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். நம் மார்க்கம் அதற்கு வெகு காலம் முன்பே இதைத் தொட்டுப் பேசியிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நம் வீடுகளுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

தொழிற்சாலையில் தொடங்கிய ஆராய்ச்சி

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் என்ற மனவியலாளர் தொழிலாளர்களின் மனநிலையை ஆராய்ந்தார். சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் ஒருவருடைய திருப்தியைத் தீர்மானிப்பதில்லை என்பது அவர் கருத்து. தான் போடும் உழைப்புக்கும் தனக்குக் கிடைப்பதற்கும் உள்ள விகிதத்தை, பக்கத்தில் நிற்பவருடைய விகிதத்தோடு மனிதர் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அது சரியாக இருந்தால் மனம் அமைதி அடைகிறது. இல்லையென்றால் குமுறுகிறது.

எலைன் ஹாட்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தக் கருத்தைக் காதலுக்கும் திருமணத்துக்கும் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய நூல் 1978-ல் வெளியானது. (1975-ல் வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற அமெரிக்க செனட்டர், அன்பைப் பற்றி ஆராய 84,000 டாலர் அரசுப் பணமா என்று பகிரங்கமாகக் கேலி செய்தார். நம் ஊர் ஜமாஅத் அறையில் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்திருந்தால் அவர் கேலி செய்திருக்க மாட்டார்.) தன் பங்குக்கு மேல் பெறுகிறவருக்கு ஒரு குற்ற உணர்வு வரும், தன் பங்குக்குக் குறைவாகப் பெறுகிறவருக்குக் கோபம் வரும் என்று அவர்கள் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் கோபம் தெளிவாகவே தெரிந்தது. குற்ற உணர்வு அந்த அளவுக்குத் தெரியவில்லை. கூடுதலாகப் பெறுகிறவர் சீக்கிரம் பழகிக்கொள்கிறார் போலும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டு வேலை கடிகாரக் கணக்கில் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதைவிட, 'இது நியாயம்தான்' என்று அவரவர் மனம் ஏற்கிறதா என்பதே மண நிறைவோடு அதிக நெருக்கமாக இருக்கிறது. பத்து மணி நேரம் உழைத்தும் நிறைவாக இருக்கும் மனைவிகள் உண்டு. நான்கு மணி நேரம் உழைத்துக் கசந்து போனவர்களும் உண்டு. கணவர்களிலும் அப்படியே.

இரண்டையும் கூட்டினால் நூறுக்கு மேல்

இருவருமே தாம்தான் அதிகம் செய்ததாக எப்படி உண்மையாகவே நம்ப முடிகிறது? கனடாவில் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்ற இருவர் 1979-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. 37 தம்பதிகளிடம் 20 வகை வீட்டுக் காரியங்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே கேட்டார்கள். நேர்மையான கணக்கு என்றால் இருவருடைய பங்கையும் கூட்டும்போது நூறு வர வேண்டும். பெரும்பாலான காரியங்களில் நூறைத் தாண்டியது.

தற்பெருமைதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் சண்டையைத் தொடங்குவது போன்ற வேண்டாத காரியங்களும் இருந்தன. அவற்றிலும் தம் பங்கையே மக்கள் கூட்டிச் சொன்னார்கள். ஆக, காரணம் நினைவில் இருக்கிறது. நாம் செய்தது நம் கண் முன்னே, நம் முதுகு வலியோடு சேர்ந்து பதிந்திருக்கிறது. மற்றவர் செய்தது பாதி நம் கண்ணிலேயே படவில்லை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்துத் தைலம் தேய்த்தவருக்கு அது ஞாபகம் இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

கண்ணில் படாத வேலையிலேயே கண்ணுக்கு அறவே தெரியாத ஒரு வகை உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர் 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019-ல் எழுதிய கட்டுரை அதைப் பற்றியது. முன்கூட்டி யோசிப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது என நான்கு படிகளாக அந்த வேலையை அவர் பிரிக்கிறார். கேஸ் சிலிண்டர் இன்னும் எத்தனை நாள் வரும், மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்கிறதா, நோன்பு வருவதற்குள் நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வாங்கியாக வேண்டுமே, பிள்ளைக்குத் தடுப்பூசி எப்போது என்று ஓடிக்கொண்டே இருக்கும் நினைப்பு அது. யோசிப்பதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுவதை அவர் கண்டார். "என்ன வாங்க வேண்டும் என்று சொல், வாங்கி வருகிறேன்" என்று சொல்லும் கணவர் தாம் உதவுவதாகவே நினைக்கிறார். பட்டியலை யோசிப்பதும் ஒரு வேலை என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

நினைப்பை விடுவோம், கை வேலைக்கே வருவோம். இந்திய தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். இது எல்லாச் சமூகங்களுக்கும் சேர்த்த கணக்கு. நம் வீடுகளின் நிலை என்ன என்பதை அவரவர் அஸருக்கும் இஷாவுக்கும் இடையில் தம் வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

சஃபர் போன வீடு

நம் ஊர்களுக்கே உரிய ஒரு நிலை உண்டு. கணவர் சவூதியிலோ துபையிலோ கத்தரிலோ இருக்கிறார். மனைவி ஊரில், பெரும்பாலும் மாமியார் வீட்டில். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண் தன் தாய் வீட்டிலேயே இருப்பதால் கதை கொஞ்சம் மாறும். ஆனால் பிரிவு ஒன்றுதான்.

அவர் ஓர் அறையில் ஆறு பேரோடு அடுக்குக் கட்டிலில் படுக்கிறார். விடியுமுன் வேன் ஏறுகிறார். சம்பளம் வந்த அன்றே பணம் அனுப்புகிறார். தனக்கென்று ஒரு சட்டை எடுக்க யோசிக்கிறார். அவர் கண்ணில் ஊர் என்பது நிழல், சொந்தக்காரர்கள், சூடான சாப்பாடு. "நீ வீட்டில் ஏசி அறையில்தானே இருக்கிறாய்" என்று போனில் வாய் தவறிச் சொல்லிவிடுகிறார். அவளோ பள்ளிக் கட்டணம், ரேஷன் கடை, மாமியாரின் ஆஸ்பத்திரி, வளர்ந்த மகனின் பிடிவாதம் எல்லாவற்றையும் தனியாளாகத் தாங்குகிறாள். அவள் கண்ணில் அவர் இருக்கும் இடம் உயரமான கட்டடங்களும் வெள்ளிக்கிழமை பிரியாணியும் ஸ்டேட்டஸ் படங்களும். இருவரும் ஒருவருக்கொருவர் நல்லதையே காட்டிக்கொள்வதால் வந்த வினை இது. கவலைப்படுவார்களே என்று கஷ்டத்தை மறைக்கிறார்கள். மறைத்த கஷ்டம் கணக்கில் வராமல் போகிறது.

இதில் பணம் வரும் பாதையும் ஒரு பிரச்சினை. பல குடும்பங்களில் பணம் தந்தையின் கணக்குக்கோ அண்ணனின் கணக்குக்கோ வருகிறது. மனைவி இருநூறு ரூபாய்க்கும் கை நீட்டிக் கேட்க வேண்டும். கணவர் தம் கடமையை நிறைவேற்றிவிட்டதாக நிம்மதியாக இருக்கிறார். அவளுக்கோ தனக்கு எதுவும் வரவில்லை என்றே தோன்றுகிறது. இருவரும் சொல்வது உண்மை. அபூ சுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் கையிறுக்கமானவர், தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமான அளவு தருவதில்லை என்று முறையிட்ட செய்தி புகாரியில் உள்ளது. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்று நபியவர்கள் அனுமதித்தார்கள். கணவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று அவரைக் கண்டிக்கவில்லை. நஃபகா மனைவியின் கைக்குப் போய்ச் சேர வேண்டியது என்பதை நம் வெளிநாட்டுச் சகோதரர்கள் யோசிக்க வேண்டும். அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் மாதம் ஒரு தொகை. பெற்றோருக்குத் தனியாக. இதில் யாருக்கும் அவமரியாதை இல்லை.

பிரிவும் ஒரு செலவுதான். உமர் (ரலி) அவர்கள் இரவில் சுற்றி வரும்போது, போர்முனையில் இருக்கும் கணவனை நினைத்து ஏங்கும் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டதும், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்ததும் நாம் அறிந்த செய்தி. நான்கு மாதம், ஆறு மாதம் என்று அறிவிப்புகள் வருகின்றன. அதன்படி படைவீரர்களுக்கு அவர் கால வரம்பு விதித்தார். ஒரு பெண் எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் தாங்கிய தனிமையை ஆட்சியாளர் கணக்கில் எடுத்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வரும் நம் கணக்கில் அது எந்த வரியில் இருக்கிறது?

அத்லும் ஃபழ்லும்

எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் கழித்துச் சரிபாதியாகப் பிரித்துவிட்டால் வீடு சரியாகிவிடுமா? ஆகாது. மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1979-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நெருங்கிய உறவை விரும்பும் ஒருவருக்கு நாம் உதவியதும் அவர் உடனே அதற்கு ஈடாக ஒன்றைத் திருப்பிச் செய்தால், நமக்கு அவர் மேல் பிடிப்புக் குறைகிறது. வியாபாரத்தில் உடனே கணக்குத் தீர்ப்பவர் நல்லவர். சொந்தத்தில் உடனே கணக்குத் தீர்ப்பவர் தள்ளி நிற்பவர். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கறிக் கிண்ணம் அரை மணி நேரத்தில் வேறு ஏதோ நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தால் நாம் என்ன நினைப்போம்?

நான்சி குரோட்டும் அதே மார்கரெட் கிளார்க்கும் 2001-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, தம்பதிகளைக் குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்து தொடர்ந்து கவனித்தது. கணக்குப் பார்ப்பதால் கசப்பு வருகிறதா, கசப்பு வந்ததால் கணக்குப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி. இரண்டும் என்பது விடை. முதலில் மனம் கசக்கிறது. கசந்த மனம் எண்ணத் தொடங்குகிறது. எண்ண எண்ண அநியாயம் கண்ணில் படுகிறது, அது மேலும் கசக்க வைக்கிறது. ஆகவே மனைவியோ கணவரோ திடீரென்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தால், அந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துப் பயனில்லை. அதற்கு முன்பே ஏதோ புண்பட்டிருக்கிறது.

இங்கேதான் குர்ஆன் வைத்திருக்கும் இரண்டு சொற்கள் நமக்கு உதவுகின்றன. அத்ல் என்பது நீதி, கொடுத்தே ஆக வேண்டியது. ஃபழ்ல் என்பது அதற்கு மேல் மனமுவந்து செய்யும் உபகாரம். சூரத்துல் பகராவின் 237ஆம் வசனம் எந்தச் சூழலில் இறங்கியது என்று பாருங்கள். சேர்ந்து வாழத் தொடங்கு முன்பே தலாக் ஆகிவிடுகிறது, மஹர் பேசப்பட்டிருக்கிறது. பாதி மஹர் கொடுக்க வேண்டும் என்று அல்லாஹ் முதலில் கணக்கைச் சொல்கிறான். அதன் பிறகுதான் விட்டுக்கொடுப்பது தக்வாவுக்கு நெருக்கமானது என்றும், உங்களுக்கிடையே உபகாரத்தை மறந்துவிட வேண்டாம் என்றும் சொல்கிறான். பிரிகிறவர்களிடமே இதை எதிர்பார்க்கிறான் என்றால் சேர்ந்து வாழ்கிறவர்களிடம்? கணக்கு முன்னே, உபகாரம் பின்னே என்ற வரிசை முக்கியம். பாதி மஹரைக் கொடுக்காதவர் பெருந்தன்மையைப் பற்றிப் பேச முடியாது.

உபகாரம் உபகாரமாக இருக்க மனம் ஒப்ப வேண்டும். மஹரிலிருந்து மனைவி எதையாவது விட்டுக்கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று 4:4 சொல்லும்போதே, அவள் மனமுவந்து தந்தால் என்ற நிபந்தனையோடு சொல்கிறது. அவள் நகையை அடகு வைத்து விசா எடுத்த கணவர்கள், அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கலாம். வரதட்சணையை 'அன்பளிப்பு' என்று பெயர் மாற்றி வாங்குபவர்களும்தான்.

நம் வீடுகளில் நடக்கும் கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. ஒருவர் உபகாரமாகத் தொடங்கியது நாளடைவில் ஓசையில்லாமல் கடமையாகிவிடுகிறது. சம்பாதிக்கும் மனைவி ஒரு நெருக்கடியில் வீட்டு வாடகையைக் கட்டினாள். இரண்டு வருடம் கழித்து அது அவள் கட்ட வேண்டிய வாடகை ஆகிவிட்டது. ஒரு மாதம் தாமதமானால் "ஏன் இன்னும் கட்டவில்லை?" என்ற கேள்வி வருகிறது. அவளுடைய சம்பளம் ஷரீஅத்தில் அவளுடையது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), தம் கணவருக்கும் தம் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவு செய்வது தர்மத்தில் சேருமா என்று கேட்டபோது, இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். தர்மத்துக்குரிய கூலி அது. ஆண்கள் பக்கமும் இப்படி உண்டு. மைத்துனியின் கல்யாணத்துக்கு ஒருமுறை உதவியவர், அடுத்த மைத்துனியின் கல்யாணம் வரும்போது கடன்காரராகப் பார்க்கப்படுகிறார். கொடுத்ததற்கு நன்றி இல்லை, கொடுக்காததற்குப் பழி.

ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற சமூகவியலாளர் 1989-ல் எழுதிய நூலில் இதையே நன்றியின் பொருளாதாரம் என்கிறார். ஒரு செயலை ஒருவர் பரிசாக நினைத்துக் கொடுக்க, மற்றவர் அதை வழக்கமான பாக்கியாக வாங்கிக்கொண்டால், அங்கே நன்றி பிறப்பதில்லை.

சமையலையே எடுத்துக்கொள்வோம். ஷாஃபிஈ மத்ஹபில் சமைப்பதும் துவைப்பதும் மனைவி மீது சட்டக் கடமையல்ல. ஹனஃபி மத்ஹபில் காழி அதைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் மார்க்க ஒழுக்கப்படி அவள் பொறுப்பு என்கிறார்கள். இப்னு தைமிய்யா போன்றவர்கள் ஊர் வழக்கப்படி கடமை என்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலும் ஷாஃபிஈ, உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி. இதைப் படித்துவிட்டு நாளைக்கு அடுப்பை அணைத்துவிடும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் ஷாஃபிஈ குடும்பத்தில் பிறந்து வளர்ந்து நாற்பது வருடம் மனைவி கையால் சாப்பிட்டவர், அது அவள் செய்த உபகாரம் என்று ஒருமுறையாவது கேள்விப்பட்டிருப்பாரா? எந்த ஜும்ஆவிலாவது?

கணவருக்கு ஒரு படி உயர்வு உண்டு என்ற 2:228ஐ எல்லோருக்கும் தெரியும். அதே வசனம் அதற்கு முன்பே, பெண்களுக்குக் கடமைகள் இருப்பது போலவே உரிமைகளும் நியாயப்படி உண்டு என்று சொல்லிவிடுகிறது. அந்த ஒரு படிக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்ன விளக்கம் வியப்பானது. தமக்கு மனைவியிடம் வர வேண்டிய உரிமைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வசூலிக்கத் தாம் விரும்புவதில்லை, ஏனென்றால் அல்லாஹ் தமக்கு ஒரு படி வைத்திருக்கிறான் என்றார்கள். மேலே இருப்பவர் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டார். இமாம் தபரீ அவர்கள் தம் தஃப்ஸீரில் இந்த விளக்கத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

திருப்தி என்றால் நியாயம் என்று பொருளா?

நியாய உணர்வுதான் முக்கியம் என்றால், அநியாயத்தை உணராதபடி ஒருவரைப் பழக்கிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். பல வீடுகளில் நடப்பது அதுதான். லிண்டா தாம்ப்சன் என்ற ஆய்வாளர் 1991-ல் எழுதிய கட்டுரையில், வீட்டு வேலையில் பெரும்பங்கைச் சுமக்கும் பெண்களில் பலர் அதை ஏன் அநியாயமாக உணர்வதில்லை என்று கேட்டார். அவர் காட்டிய காரணங்களில் ஒன்று, அவர்கள் தம்மைக் கணவரோடு ஒப்பிடுவதில்லை, மற்றப் பெண்களோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. "என் உம்மா பட்ட கஷ்டத்துக்கு இது எவ்வளவோ மேல்", "பக்கத்து வீட்டில் பார், அவர் கைநீட்டி அடிக்கிறார். என் மாப்பிள்ளை அப்படி இல்லை." இந்த ஒப்பீட்டில் கணவர் எப்போதும் தேர்ச்சி பெற்றுவிடுவார்.

நம் பெண் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்கள் ஒப்பிடும் ஆள் மாறிவிட்டார். உம்மாவோடு ஒப்பிடாமல் கூடப் படித்த அண்ணனோடும் கணவரோடும் ஒப்பிடுகிறார்கள். தியடோர் கிரீன்ஸ்டீன் 30 நாடுகளின் தரவுகளை வைத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண் பெண் சமத்துவம் கூடிய நாடுகளில்தான் வீட்டு வேலை அநியாயமாகப் பிரிந்திருக்கிறது என்ற உணர்வு குடும்ப நிறைவை அதிகம் பாதிக்கிறது என்று தெரிந்தது. "இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை" என்று நாம் அலுத்துக்கொள்வதில் ஒரு பாதி இதுதான். அநியாயம் புதிதாக வந்ததல்ல. அளவுகோல் புதிது.

உம்மு தர்தா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். அவர் யாரிடமும் போய் முறையிடவில்லை. வீட்டுக்கு வந்த ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள்தான் அவருடைய பழைய உடையைக் கவனித்துக் காரணம் கேட்டார்கள். உம் சகோதரர் அபூதர்தாவுக்கு உலகத்தில் நாட்டமில்லை என்று மட்டும் அவர் சொன்னார். அபூதர்தா (ரலி) கெட்ட கணவர் அல்ல. பகலில் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரலி) அன்றிரவு அங்கேயே தங்கி, அவரை உறங்க வைத்து, இறைவனுக்கும் உனக்கும் உன் குடும்பத்துக்கும் உன் மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்றார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் உறுதி செய்தார்கள். வாய் திறக்காதவரின் உரிமையும் உரிமைதான். அதைக் கவனிக்க வீட்டுக்கு வரும் ஒரு நண்பராவது வேண்டும். நம் மாமனார்கள், மச்சான்கள், தப்லீக், தஃவாப் பணிகளில் ஓடிக்கொண்டிருக்கும் சகோதரர்களின் தோழர்கள் இந்த இடத்தில் இருக்கிறார்கள்.

பார்ப்பது என்பதற்கு இன்னொரு சான்று. ஃபாத்திமா (ரலி) அவர்கள் திருகைக் கல் சுற்றிக் கை நொந்து ஒரு பணியாள் கேட்டுப் போனதும், நபியவர்கள் அன்றிரவு வீட்டுக்கே வந்து தஸ்பீஹ் கற்றுக் கொடுத்ததும் எல்லா பயான்களிலும் சொல்லப்படுகிறது. மனைவியின் வாயை அடைக்கவும் இதைச் சொல்பவர்கள் உண்டு. இதை அறிவிப்பவர் யார் என்று அவர்கள் கவனிப்பதில்லை. அறிவிப்பவர் கணவர் அலீ (ரலி). மனைவியின் கை நொந்ததை அவர் பல்லாண்டுகள் கழித்தும் மறக்காமல் மக்களிடம் சொன்னார். அந்தத் தஸ்பீஹை ஸிஃப்பீன் போர் இரவிலும் விடவில்லை என்றார்.

கேட்டார்களா என்பது

மனிதர்கள் தமக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் எடை போடுவதில்லை, எப்படி முடிவானது என்பதையும் பார்க்கிறார்கள். நீதிமன்றங்களை ஆராய்ந்த ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் இருவரும் 1975-ல் வெளியிட்ட நூல் இதை விளக்கியது. பேச வாய்ப்புக் கிடைத்தவர், தீர்ப்பு எதிராக வந்தாலும் அதை ஏற்கச் சம்மதிக்கிறார். வீட்டிலும் அப்படித்தான். "உம்மாவை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, உனக்கு எது கஷ்டமாக இருக்கும், நான் எதை எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேட்டுவிட்டு அழைத்து வருவதும், பெட்டியோடு கொண்டு வந்து இறக்குவதும் ஒன்றல்ல. வேலை அதே வேலைதான்.

2:233ல் அல்லாஹ், தாயும் தந்தையும் குழந்தையைப் பால் மறக்கடிக்க விரும்பினால் இருவரும் மனமொப்பி, கலந்து பேசிச் செய்யட்டும் என்கிறான். எவ்வளவு சின்ன விஷயம். பால் கொடுப்பவள் அவள், உடம்பு அவளுடையது. குழந்தை இருவருடையது. அதனால் பேசச் சொல்கிறான். நம்மில் வீடு விற்பதும் நிலம் வாங்குவதும் மகளைக் கட்டிக் கொடுப்பதும் கூட மனைவிக்குக் கடைசியில் தெரிவது உண்டு. அதே போல, கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது ஊரில் எடுக்கப்பட்ட முடிவுகள் அவருக்கு ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் தெரிய வருவதும் உண்டு.

பேசும் நேரத்தையும் பார்க்க வேண்டும். சண்டை நடுவில் கணக்கு எடுபடாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, இருவரில் ஒருவரும் பசியோடு இல்லாத ஒரு நேரத்தில், இந்த வாரம் மற்றவர் செய்ததில் தாம் கவனித்தவற்றை முதலில் சொல்லிப் பார்க்கலாம். தாம் செய்ததை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். ஐந்தாவதைச் சொல்லும்போது திணறினால் காரணம் விளங்கிவிடும்.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. பெண் எழுந்து பேச ஆரம்பித்ததும் "பொறுமையாக இரும்மா, பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று முடித்து வைப்பது சுலபம். தன் கணவர் விஷயத்தில் வாதிட்ட ஒரு பெண்ணின் பேச்சை அல்லாஹ் செவியேற்றான் என்று ஒரு சூராவே தொடங்குகிறது. சூரத்துல் முஜாதலா என்று அதற்குப் பெயரும் வந்தது.

பரீரா (ரலி) அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அவருடைய கணவர் முகீஸ் அப்போதும் அடிமை. விடுதலை கிடைத்ததும் அவரோடு தொடர்ந்து வாழ்வதா பிரிவதா என்று தீர்மானிக்கும் உரிமை பரீராவுக்கு வந்தது. அவர் பிரிந்தார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாவின் தெருக்களில் அவர் பின்னால் நடந்தார். நபி (ஸல்) அவர்கள் மனம் இரங்கி, அவரிடம் திரும்பிப் போகக்கூடாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்து பேசுகிறேன், அவ்வளவுதான் என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் பரீரா.